குப்பைக்கும் ஒரு பின்கதை உண்டு

கையை விட்டு நீங்கிய பை எங்கே போகிறது? சமூக ஊடகத்தால் ஊருக்குக் கல்வி புகட்ட விரும்புவோர் முதலில் விடை தேடவேண்டிய கேள்வி இது. ஓட்டமாவடிப் பாலத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

அஸர் தொழுகை முடிந்து, பகலின் அசதி தீர்ந்து, ஊர் மீண்டும் கடைத்தெருவை நோக்கிப் புறப்படுகின்ற வேளையில், ஓட்டமாவடிப் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே ஓடும் நீரைப் பார்த்து நிற்பது எனக்குப் பல வருஷங்களாகப் பழகிப்போன ஒரு வழக்கம். மாதுறு ஓயாவின் நன்னீரையும் மேற்கு வயல்களின் வண்டலையும் ஏந்திவந்து, கிழக்கே கடலின் உப்போடு கலந்து, கண்டல் வேர்களுக்கிடையே இறாலையும் நண்டையும் வளர்த்துத் தருகின்ற இந்த நீர்நிலையைப் புத்தகங்கள் வாழைச்சேனை வாவி என்று எழுதினாலும், ஊரார் வாயில் அது என்றைக்கும் ‘ஆறு’தான். ரயிலும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒரே இரும்புப் பாலத்தில் முறைவைத்து நகர்ந்த காலத்தை அறிந்தவர்கள் இன்னும் இவ்வூரில் இருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆற்றைப் பற்றி அவர்கள் பேசத் தொடங்கினால் இஷா வரையில் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அன்றைக்குக் கரையோரக் கண்டல் வேரொன்றில் வெள்ளை நிற ஷொப்பிங் பேக் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அலை வரும்போது ஊதியும் போகும்போது சப்பியும், மூச்சுவிடும் ஒரு பிராணியைப்போல அது அசைந்துகொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் நின்ற வீச்சுவலைக்காரர் ஒருவர் அந்தப் பக்கமாக வலையை எறிய, நான்கைந்து சிறு மீன்களோடு அந்தப் பையும் வலையில் ஏறிவந்தது. மீனைப் பிரித்துப் பறியில் போட்டுக்கொண்ட அவர், கோபமோ தயக்கமோ இல்லாத முகத்தோடு பையை மறுபடியும் ஆற்றிலேயே விட்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் இவ்வளவையும் தன் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

“இதை வைத்து என்ன செய்யப்போகிறாய் தம்பி?” என்று கேட்டேன்.

“ஃபேஸ்புக்குல போடப்போறன் சேர். எங்கட ஊர் நாறுறதுக்கு ஆரு காரணமெண்டு சனம் பாக்கட்டும்” என்றான்.

அவனுடைய கோபத்தில் கபடமில்லை. ஊரின்மீது அவனுக்குள்ள அபிமானத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும், அவன் பிடித்துவைத்திருந்தது ஒரு கதையின் நடுப்பகுதி மாத்திரமே என்பது என் மனத்தை உறுத்தியது. அந்தப் பை எந்தக் கடையில், எதைச் சுமந்து, யாருடைய கையில் புறப்பட்டது என்ற ஆரம்பமும் அதில் இல்லை. ஆற்றில் விடப்பட்ட பிறகு அது எங்கே போய் என்ன செய்யும் என்ற முடிவும் அதில் இல்லை. முன்னும் பின்னுமற்ற அந்த இருபது விநாடியில், நாள் முழுவதும் நீரில் நின்று பிழைக்கின்ற ஒரு மனிதர் ஊர் முழுவதற்கும் குற்றவாளியாகிவிடப் போகிறார்.

கட்டளையும் கதையும்

‘இங்கே குப்பை கொட்டாதீர்கள்’ என்ற பலகை இல்லாத ஊர் இலங்கையில் இல்லை. அந்தப் பலகையின் காலடியில் குப்பை இல்லாத ஊரும் அநேகமாக இல்லை. எழுத்தறிவில் மிக உயர்ந்து நிற்கும் ஒரு தேசத்தில் அந்தப் பலகையை வாசிக்க முடியாதவர் மிகச் சிலரே. வாசித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். ஆகையால், ஜனங்களுக்குத் தெரியாததைத் தெரிவிப்பதே குப்பைக் கல்வி என்று எண்ணிக்கொண்டு புறப்படுபவர், முதலடியிலேயே வழி தவறிவிடுகிறார். குப்பை அசுத்தம் என்பதும், அசுத்தம் நோய்க்குக் காரணம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். தூய்மையை ஈமானோடு பிணைத்துவைத்த மார்க்கத்தைப் பின்பற்றும் ஜனங்களுக்கு, பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் நன்மையே என்று குத்பாக்களில் ஓயாமல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதை மறுபடி ஓதிக்காட்டவேண்டிய அவசியமே இல்லை.

அவர்கள் அறியாதது, கையை விட்டு நீங்கிய பின்னர் அந்தப் பொருளுக்கு நேர்வது என்ன என்பதைத்தான். வாசலில் வைத்த பையை உழவு இயந்திரத்தின் பெட்டியில் எறிந்து கொண்டுபோகிறார்கள் என்பதோடு நம் எல்லாருடைய அறிவும் முடிந்துவிடுகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், வீதிகளைக் கூட்டுவதையும் வீட்டுக் குப்பையை உரிய காலத்தில் அகற்றுவதையும் பிரதேச சபையின் கடமையாக விதித்து, அவ்வாறு சேகரித்த குப்பை சபையின் உடைமை என்றும் கூறிவிட்டதனால், பை நம் வாசலைத் தாண்டியதும் அது வேறொருவர் சொத்து என்ற நிம்மதி நமக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்கு மறைந்தது கருத்துக்கும் மறைந்துவிடுகிறது.

பலகை இடும் கட்டளை இந்த மறைவை நீக்காது. ‘செய்யாதே’ என்று சொல்லுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஏன், எங்கே, எப்படி, பிறகு என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் அதனிடம் பதிலில்லை. கதையோ இந்த நான்கையும் சொல்லாமல் கதையாகவே இருக்க முடியாது. கட்டளை தோற்ற இடத்தில் கதை பலிக்கக்கூடும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுவே.

யானையின் வயிற்றில் பொலித்தீன்

இதற்கு உதாரணம் தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. ஓட்டமாவடியிலிருந்து கரையோர வீதியால் தெற்கே போய், கல்முனையையும் தாண்டினால், அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்றொரு குப்பைமேடு இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் குப்பையைக் கொட்டுவதற்காக 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அமைக்கப்பட்ட இடம் அது. கொட்டப்பட்ட குப்பை மீள்சுழற்சிக்குப் போகவில்லை, யானைகள் நுழையாமல் போடப்பட்ட மின்வேலியை 2014இல் இடி தாக்கிச் செயலிழக்கச் செய்தது, வேலி பழுதுபார்க்கப்படவில்லை. காட்டிலிருந்து வந்த யானைகள் மீந்த சோற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறின. எட்டு வருஷங்களில் சுமார் 20 யானைகள் அங்கே மாண்டதாக 2022 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று.

யானைகள் குப்பை தின்று சாகின்றன என்பது அதற்கு முன்னரும் இந்நாட்டில் யாரும் அறியாத இரகசியமல்ல. வனவிலங்குப் பிரதேசங்களை அண்டி 54 குப்பைமேடுகள் இருப்பதும், சுமார் 300 யானைகள் அவற்றைச் சுற்றித் திரிவதும், தீவு முழுவதும் 2011இல் எண்ணப்பட்ட யானைகளோ ஏறக்குறைய 6,000 மாத்திரமே என்பதும் பலமுறை எழுதப்பட்ட விஷயங்கள். எழுத்தில் இருந்த வரையில் அவை எண்களாகவே இருந்தன. பள்ளக்காட்டுப் புகைப்படங்கள் கைத்தொலைபேசித் திரைகளில் பரவிய வாரத்தில்தான் அவை வேறொன்றாயின. வண்ண வண்ணப் பைகள் குவிந்த மேட்டில், ஒரு யானை தும்பிக்கையால் சோற்றுப் பொதியொன்றை எடுத்து, வழக்கமாகப் புல்லை உதறி மண் போக்குவதைப்போலவே அதையும் உதறிவிட்டு வாய்க்குள் வைக்கிறது. இறந்த யானையின் வயிற்றைக் கீறிப் பார்த்த மிருக வைத்தியர், பொலித்தீனும் உணவுப் பொதித் தாளும் பிளாஸ்டிக்கும் தண்ணீருமே உள்ளே இருந்தன, யானை வழக்கமாகத் தின்னும் தீனி காணப்படவில்லை என்று சொன்னார்.

இந்தப் படத்தின் சக்தி பரிதாபத்தில் மாத்திரம் இல்லை. அதைப் பார்த்த கல்முனைக்காரரோ அக்கரைப்பற்றுக்காரரோ அந்தப் பொதியைத் தம்முடையதாக அடையாளம் கண்டிருக்கக்கூடும். கடைச் சோற்றைச் சுற்றிய அதே லஞ்ச் ஷீட், அதே முடிச்சு, அதே பருப்புக் கறியின் மஞ்சள் கறை. வாசலோடு முடிந்துவிட்டதாக எண்ணிய ஒரு பொருளின் பின்கதையை அந்தப் படம் அவர் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது.

மீதொட்டமுல்லையின் கதையோ பின்கதை சொல்லப்படாமற் போனதன் கதை. கொழும்பின் குப்பையெல்லாம் வந்து சேர்ந்து சுமார் 300 அடிவரை உயர்ந்த அந்த மேடு, 2017 ஏப்ரல் 14ஆந் தேதி, சித்திரைப் புதுவருஷ தினத்தன்று, சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பிருந்தே அபாயத்தைச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கதையை, அந்த மேட்டுக்குக் குப்பை அனுப்பிக்கொண்டிருந்த நகரம் தன் கதையாகக் கேட்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் ஒரு கடதாசி ஆலை

குப்பையின் பின்கதை எப்போதும் மரணத்தில்தான் முடியவேண்டும் என்ற விதியும் இல்லை. இதை ஓட்டமாவடியைப்போல வேறெந்த ஊரும் அறிந்திருக்க நியாயமில்லை. ஏனெனில், பாலத்துக்கு அப்பால் வாழைச்சேனையில் கடதாசி ஆலையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் வித்திடப்பட்டு 1956இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை, சூடு மிதித்த பிறகு களத்துமேட்டில் விட்டுவிடப்படும் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு கடதாசி செய்தது. பின்னர் கழிவுத் தாளையும் சேர்த்துக்கொண்டது. வயலில் வேண்டாமென்று விடப்பட்ட வைக்கோல் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் கொப்பியாகத் திரும்பிவந்த அதிசயத்தை இப்பகுதியின் முதிய தலைமுறை கண்ணாரக் கண்டிருக்கிறது. மீள்சுழற்சி என்ற சொல் நம் பாடப்புத்தகத்துக்கு வருமுன்பே, அந்தச் செயல் வைக்கோல் வண்டியாகப் பாலத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

பிரசாரக் காணொளி செய்யும் இளைஞர்கள் ஜப்பானில் கமிகட்சு என்னும் சிற்றூர் தன் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது என்று எடுத்துக்காட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 2003இல் குப்பையற்ற ஊராவோம் என்று பிரகடனம் செய்த அந்த ஊர் பாராட்டுக்குரியதே. ஆனால், நமது உம்மம்மாமார் அதைப் பார்த்து, “அது ஜப்பான்காரனுக்குச் சரி” என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். வைக்கோல் கொப்பியின் கதையை அப்படித் தள்ள அவர்களால் முடியாது. அதில் அவர்களுடைய வாப்பாவின் வண்டி போகிறது.

பலர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெருந்தட்டாகிய சஹனைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிட்டு எழுந்தால், கழுவுவதற்குத் தட்டொன்றும் பீங்கான் கோப்பைகள் சிலவுமே மிஞ்சின. எலும்பு பூனைக்கும், மீந்த சோறு கோழிக்கும் போயிற்று. அதே விருந்து பொதிகளாகக் கட்டி வீடுவீடாக அனுப்பப்படும்போது, அறுநூறு பேருக்கு அறுநூறு லஞ்ச் ஷீட்டும், அறுநூறு பையும், அறுநூறு யோகட் கோப்பையும், அறுநூறு கரண்டியும் மறுநாள் காலையில் ஊரின் எல்லையில் கிடக்கின்றன. பழங்காலத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. குப்பையில்லாத ஒரு விருந்தை எப்படி நடத்துவது என்பதை நாம் வெளியிலிருந்து கற்கவேண்டியதில்லை என்பதைச் சொல்லவே இதை நினைவூட்டுகிறேன். தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 டிசம்பர் 23ஆந் தேதி ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது செய்ததும் இதுதான். கலியாண வீட்டில் தாம்பூலத்தோடு கிடைத்த ஒரு துணிப்பையை ஜனங்கள் ஏற்கெனவே நேசித்திருந்தார்கள். அந்த நேசத்துக்குப் புதிதாக ஒரு வேலை கொடுக்கப்பட்டது.

பாதியில் நின்ற கதைகள்

சமூக ஊடகத்தில் குப்பையைப் பற்றி வந்தவற்றுள் உலகம் முழுவதும் அதிகமாகப் பரவியது 2019 மார்ச் மாதத்து ‘ட்ராஷ்டேக்’ சவால் என்றே சொல்லலாம். அமெரிக்காவில் ஒருவர் முகநூலில் இட்ட பதிவு, சலித்துக் கிடக்கும் இளைஞர்களை ஓர் அசுத்தமான இடத்தைத் தேர்ந்து சுத்தம்செய்து, முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களை வெளியிடும்படி அழைத்தது. சில வாரங்களுக்குள் பல தேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இரட்டைப் படங்கள் வந்து குவிந்தன: இடப்பக்கம் குப்பை, வலப்பக்கம் அதே இடம் துடைத்தாற்போல் சுத்தமாக, நடுவே கட்டிவைத்த கறுப்புப் பைகளும் சிரித்த முகங்களும்.

அந்த உற்சாகத்தை நான் ஒருபோதும் குறைத்து மதிக்கமாட்டேன். ஆனால், கதை கேட்டுப் பழகியவன் கேட்காமலிருக்க முடியாத ஒரு கேள்வி உண்டு. அந்தக் கறுப்புப் பைகள் பிறகு எங்கே போயின? இரண்டாவது படத்தோடு கதை முடிந்துவிட்டால், ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குக் குப்பை இடம்மாறியதைத் தவிர வேறென்ன நடந்தது என்பது பார்த்தவனுக்குத் தெரியாது.

அதே ஆண்டின் இறுதியில் நம் நாட்டிலும் இத்தகைய ஓர் அலை எழுந்தது. ஜனாதிபதித் தேர்தல் முடிந்த 2019 நவம்பருக்குப் பின்னர், முகநூல் வழியாகக் கூடிய இளைஞர்கள் ஊர்தோறும் மதில்களில் சித்திரம் தீட்டினார்கள். வீதிகளையும் கடற்கரைகளையும் சுத்தம் செய்தார்கள். சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது, கூட்டம் கலைந்தது. மதிலில் வர்ணம் நிலைத்தது; மதிலின் அடியிலோ குப்பை திரும்பிவந்தது.

பம்பாயின் வெர்சோவா கடற்கரையில் நடந்ததை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். அப்ரோஸ் ஷா என்ற இளம் வழக்கறிஞர் 2015 ஒக்டோபரில் தம் முதிய அயலவர் ஒருவரோடு அங்கே குப்பை பொறுக்கத் தொடங்கினார். வாராவாரம் தவறாமல் அதே கரைக்குப் போனதும், வாராவாரம் அதைப்பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதியதும்தான் அவர் செய்த விசேஷம். ‘சுத்தமாகிவிட்டது’ என்று அந்தக் கதை ஒருநாளும் முடியவில்லை. அடுத்த வாரம் வந்து பார்க்கவேண்டிய தொடர்கதையாகவே அது நடந்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் விருது அவருக்கு 2016இல் கிடைத்தது. 2018 மார்ச்சில் ஆமைக்குஞ்சுகள் அதே மணலில் பொரித்துக் கடலுக்குள் இறங்கின. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காக வெள்ளிக்கிழமைகளில் கடைவாசலில் காத்து நின்ற தலைமுறைக்கு இந்த ரகசியத்தை விளக்கவேண்டியதில்லை.

வெட்கப்படுத்துவது கல்வியாகுமா?

பாலத்து இளைஞனின் கோபத்துக்கு மீண்டும் வருவோம். குப்பை எறிபவரைப் படமெடுத்து அம்பலப்படுத்துவது பல இடங்களில் இப்போது அரசாங்க வழிமுறையாகவே ஆகியிருக்கிறது. கேரளத்தில் பொது இடத்தில் குப்பை எறிவோரின் படத்தை அனுப்புவதற்கென்று ஒரு வட்ஸ்அப் இலக்கமும், அறவிடப்படும் அபராதத்தில் தகவல் தந்தவருக்கு ஒரு பங்கும் உண்டு. 2025இல் காயலில் குப்பை விழுவதைச் சுற்றுலாப் பயணி ஒருவர் படமெடுத்ததனால் பிரபல பாடகர் ஒருவருக்கே அபராதம் விதிக்கப்பட்டது. சட்டத்தின் கை பெரிய வீட்டையும் தொடும் என்பதை அது காட்டியவரையில் நன்றே.

ஆனால், கேரளம் அந்த இலக்கத்தை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. ஹரித கர்ம சேனை என்ற பெயரில் பெண்கள் வீடுவீடாக வந்து, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு போகும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. ‘எறியாதே’ என்று சொல்லுகின்ற அரசு ‘என்னிடம் கொடு’ என்றும் சொல்லுகிறது. இரண்டாவது வாக்கியம் இல்லாத இடத்தில், முதலாவது வாக்கியம் அவமானமாக மாத்திரமே எஞ்சும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த நம்மைப் போன்ற ஊர்களில் அவமானம் ஆளைத் திருத்துவதில்லை. பகலில் எறிந்தவனை இரவில் எறியப் பழக்கிவிடுகிறது.

மேலும், குப்பை எறியும் ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பிரந்தாஸ் நதியில், பச்சைக் குழந்தைகளுக்கு உபயோகித்த ‘பம்பஸ்’ மூட்டை மூட்டையாக மிதந்தது. தாய்மார் ஏன் அவற்றை நதியில் எறிகிறார்கள் என்று எக்கோட்டன் என்ற சுற்றாடல் அமைப்பினர் விசாரித்தபோது, சோம்பல் காரணமாயிருக்கவில்லை. அதை எரித்தால் குழந்தையின் தோல் வெந்துபோகும் என்றும், நீரில் விட்டால் உடம்பு குளிர்ந்திருக்கும் என்றும் அவர்கள் நம்பினார்கள். குழந்தையின்மீதுள்ள அன்பே நதியை அசுத்தமாக்கியது. ‘அறிவில்லாத சனம்’ என்று அவர்களைத் திட்டும் காணொளி நூறு எடுத்தாலும் பலன் என்ன? அதே அன்பிலிருந்து தொடங்குகின்ற வேறொரு கதையை, அந்த நதிநீரிலேயே அந்தக் குழந்தை நாளை குளிக்கப்போகிறது என்ற கதையை, அவர்களுடைய பாஷையில் சொல்லவேண்டும்.

இந்த எண்ணத்தோடு, நானும் அந்த இளைஞனும் பாலத்தைவிட்டுக் கீழே இறங்கிக் கரைக்குப் போனோம். வலைக்காரரிடம், பையை மறுபடி ஏன் ஆற்றில் விட்டீர்கள் என்று நான் கேட்டேன். அவர் வலையின் ஈயக் குண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஆத்துல உடாம எங்க உடுற? ஊட்டுக்குக் கொண்டு போனா மனிசி ஏசுவா. கரையில ஒரு பெட்டி இரிக்கா சொல்லுங்க. போடாத, போடாத எண்டு சொல்ல ஊருல நிறையப் பேர் இரிக்காங்க. எங்க போடுற எண்டு சொல்ல ஒருத்தரும் இல்ல.”

குப்பைக் கல்வியைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றிலும் இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் விஷயத்தைத் தொட்டதில்லை.

தொண்ணூறு விநாடிக் காணொளி

அப்படியானால் எதைத்தான் எடுப்பது என்று இளைஞன் கேட்டான். கரையில் கிடந்த கவிழ்த்த தோணியொன்றில் அமர்ந்து, தொண்ணூறு விநாடிக் காணொளி ஒன்றை இருவரும் மனத்திலேயே எடுத்துப் பார்த்தோம்.

முதற் காட்சியில் முகமே வேண்டாம். ஒரு கை போதும். கடைத்தெருவில் ஒரு கை கால் கிலோ வெங்காயத்தோடு பையை வாங்குகிறது. அந்தப் பை வீட்டுக்கு வந்து சேரும்வரையில் அதற்கு உபயோகம் உண்டு. எத்தனை நிமிஷம் என்பதைத் திரையின் மூலையில் ஓடும் கடிகாரமே காட்டட்டும். பிறகு கடிகாரம் நிற்காமல் ஓடுகிறது. குசினி மூலையில் மீன் செதிளும் தேங்காய்ப் பூவும் அதே பைக்குள் போகின்றன. இங்கே கதை ஒரு கணம் நின்று, ஒரு ராத்தாவின் குரல் சாதாரணமாகச் சொல்லவேண்டும்: “ஈரத்தையும் காய்ஞ்சதையும் ஒண்டாப் போட்டா ரெண்டும் கெட்டுப்போகும்.” நமது வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது, அது தனியே இருந்தால் தென்னை மரத்தடிக்குப் பசளை, பிளாஸ்டிக் தனியே உலர்ந்திருந்தால் வாங்குபவனுக்குப் பொருள். இரண்டும் கலந்த அந்த நிமிஷத்தில்தான் அது குப்பையாகிறது. இதைச் சொல்ல ஒரு முழு விரிவுரை தேவையில்லை. மீன் செதிள் பைக்குள் விழும் அந்த ஒரு கணத்தைக் காட்டினால் போதும்.

அதன்பின் நாய் பையைக் கிழிக்கிறது. யோகட் கோப்பை உருண்டுபோய் வேலியோரம் மழைநீர் ஏந்தி நிற்கிறது. நீரில் நெளியும் புழுக்களை மிக அருகில் காட்டவேண்டும். இலங்கை முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குவில் விழுந்த 2017ஆம் வருஷத்தை நினைவுபடுத்த ஒரு வரி எழுத்து. அப்புறம் வடிகான், மாரி மழை, ஆறு, கண்டல் வேர். நாம் சற்றுமுன் பார்த்த அதே பை. இங்கேதான் வலைக்காரர் வருகிறார். குற்றவாளியாக வருவதில்லை, கேள்வி கேட்பவராக வருகிறார், முகம் காட்ட அவருக்கு விருப்பமில்லையெனில் ஈரமான கைகளும் குரலும் மாத்திரம் வரட்டும்.

கடைசி இருபது விநாடி அவருடைய கேள்விக்கு விடையாக இருக்கவேண்டும். வண்டி எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வரும், எதை எந்தப் பையில் கொடுக்கவேண்டும், தெரு முனைக் கொள்கலன்களில் பச்சை உக்குவதற்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, கபிலம் உலோகத்துக்கு என்ற நிறக் குறிப்பு. வண்டியோட்டியே தம் வாயால் இதைச் சொன்னால் அதைவிடச் சிறப்பு. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் அந்த மனிதர், ஊரிலுள்ள எந்த வீடு எப்படிக் குப்பை வைக்கும் என்பதை எல்லாரையும்விட நன்கறிந்தவர். கதை சொல்லுவதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்?

கதை சொல்பவனின் கடமை

மட்டக்களப்புப் பிரதேசத்துக்குக் கதை புதிதல்ல. வயற்காவலில் பரணிலிருந்து பாடிய நாட்டார் கவிகளும், விடியவிடிய ஆடிய கூத்துகளும் செய்தியையும் நீதியையும் ஒருங்கே சுமந்த ஊடகங்களாகவே இருந்தன. கல்லடி வாவியின் மீனிசையை மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய இயேசுசபைத் துறவியர் ஒலிப்பதிவு செய்ய, அதை இலங்கை வானொலி ஒலிபரப்பியபோது, ஒரு நீர்நிலையின் குரலைத் தீவு முழுவதும் கேட்டது. ஓட்டமாவடி மண்ணும் ‘மக்கத்துச் சால்வை’ எழுதிய எஸ்.எல்.எம். ஹனீபாவையும், ஓட்டமாவடி அறபாத்தையும் தந்த மண். இவ்வூரின் பேச்சு அச்சேறியபோது தமிழுலகம் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் உடல்களை எரித்தேயாகவேண்டும் என்றிருந்த விதி தளர்ந்து, 2021 மார்ச்சிலிருந்து தீவின் எல்லாப் பாகங்களிலுமிருந்தும் ஜனாஸாக்கள் நல்லடக்கத்துக்காக இங்குள்ள மஜ்மா நகருக்கு வந்தபோது, இவ்வூரின் பெயர் உலகின் திரைகளிலெல்லாம் தோன்றியது. ஒரு சிற்றூரின் செய்தி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை இந்த ஊருக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போகக்கூடியதாயிருப்பதனாலேயே, சொல்பவனுக்குக் கடமையும் அதிகம். எங்கோ எடுத்த பழைய படத்தை இன்றைக்கு நம் ஊரில் எடுத்ததாகப் போடுவது, நூறு உண்மைகளைச் சேர்த்துக் கெடுத்துவிடும். குப்பை பொறுக்கும் சிறுவனின் முகத்தைக் காட்டி இரக்கம் தேடுவது, அவனுக்குச் செய்யும் துரோகம். சட்டத்தைச் சொல்லும்போது திருத்தமாகச் சொல்லவேண்டும்: லஞ்ச் ஷீட்டுக்கும் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்புமுள்ள பொலித்தீனுக்கும் 2017 செப்டம்பர் முதலாந் தேதி தடை வந்தது, சஷே பைக்கற்றுகள் முதலியவற்றுக்கு 2021 மார்ச்சிலும், பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்கு 2023 ஒக்டோபரிலும் வந்தது. தடை வந்து இத்தனை வருஷமாகியும் லஞ்ச் ஷீட் என்ற சொல் நம் நாவில் வாழ்கிறதென்றால், கதையில்லாமல் வந்த கட்டளையின் கதி என்னவென்பது விளங்கும். ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ என்று 2025 ஜனவரி முதலாந் தேதி தொடங்கிய அரசாங்கத் திட்டத்துக்கும், கட்டளையோடு கதையும் உண்டா என்ற இந்த அளவுகோல் பொருந்தும்.

கதையால் எல்லாம் ஆகிவிடும் என்ற மயக்கமும் வேண்டாம். கொழும்புக் குப்பையை ரயிலேற்றி அறுவைக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து, 2018இல் புத்தளத்து ஜனங்கள், பெண்களும் பிள்ளைகளுமாகத் தெருவிலும் சமூக ஊடகத்திலும் ஒருசேரப் போராடினார்கள்; நாடு முழுவதும் கேட்டது; ஆயினும் மறுவருஷம் குப்பை அங்கே போகவே தொடங்கியது. கதை ஜனங்களின் மனத்தைத் திறக்கும். சபையின் கதவையும் வண்டியின் இயந்திரத்தையும் திறப்பதற்கு வரவுசெலவுத் திட்டமும் வாக்குச்சீட்டும் வேண்டும். கதை கேட்டுத் தெளிந்த ஜனங்கள் அவற்றைப் பற்றியும் கேள்வி கேட்பார்கள் என்பதே என் நம்பிக்கை.

மஃரிப் பாங்கு கேட்டபோது நாங்கள் எழுந்தோம். தன் தொலைபேசியிலிருந்த இருபது விநாடிக் காட்சியை இளைஞன் மறுபடி போட்டுப் பார்த்தான்; அழித்துவிட்டானா வைத்துக்கொண்டானா என்று நான் கேட்கவில்லை. மறுவாரம் அதே நேரத்தில் பாலத்துக்குப் போனபோது, தோணி கட்டும் கம்பமொன்றில் பழைய உரப்பை ஒன்று, வாயை விரித்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. மார்க்கர் பேனாவால் ‘வலையில வாறத இதுக்குள்ள’ என்று அதில் எழுதியிருந்தது. பாதி நிரம்பியிருந்தது. வலைக்காரர் என்னைக் கண்டு கையசைத்துவிட்டு, கரையிலிருந்தபடியே உரத்த குரலில் கேட்டார்:

“சேர், பேக்கு சரி. நெறஞ்சா இத வண்டிக்கு ஆரு தூக்குற?”

தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் நின்ற இளைஞன், அந்தக் கேள்வியைப் பதிவு செய்துகொண்டிருந்தான்.